கை தட்டிப் பார்த்த வீடுகள்

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மாமியார், காரைக்குடியிலிருந்து வந்த மர வியாபாரி, அவர் கூட்டிவந்த ஆசாரி, அப்புறம் யாரும் கூப்பிடாமல் உள்ளே வந்த அவர். என் கணவர் பினாங்கில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மாமனார் முந்தின வருஷம்தான் காலமாகியிருந்தார்.

சமஸ்தானம் கலைந்து புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த புதிது. ஆபீசுகள் ஒவ்வொன்றாகத் திருச்சிக்குப் போயின. அதிகாரிகளும் பின்னாலேயே போனார்கள். மேல மூன்றாம் வீதியில் எங்கள் வரிசையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. எங்களுடையது மாமனாரின் தாத்தா கட்டியது. அரண்மனை உக்கிராணத்துக்கு, அதாவது மளிகைச் சாமான் அறைக்கு, அவர் அதிகாரியாக இருந்தார். முன்கட்டு, பின்கட்டு, நடுவில் முற்றம். முற்றத்தைச் சுற்றி பர்மாத் தேக்கில் தூண்கள். இரண்டு பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டில் அத்தனை தூண்கள் எதற்கு என்று பினாங்கிலிருந்து கடிதம் வந்திருந்தது. தூணை விற்கலாம் என்று எழுதியிருந்தார். தூண் போனால் கூரை நிற்காது. கூரை போன பிறகு நானும் அத்தையும் எங்கே இருப்பது என்று அவர் எழுதவில்லை.

வியாபாரி ஒவ்வொரு தூணையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டு வந்தார். ஆசாரி சாக்கட்டியால் கோடு போட்டார். நாலாவது தூணுக்குக் கோடு போடும்போது வாசல் வழியாக ஒருவர் வந்தார். காக்கிக் கோட்டு, கையில் குடை. எங்களில் யாரையும் அவர் பார்க்கவில்லை. முன்கட்டின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் ஒருதரம் பலமாகத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு தோளிலிருந்த துண்டை விரித்துத் தரையில் படுத்தார். படுத்தவர் தூங்கியே போனார்.

"யாரு ஆச்சி இந்த ஆளு?" என்று வியாபாரி மாமியாரைக் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? ஒங்க கூட வந்தவருன்னுல்ல நெனச்சேன்."

"எங்கூட வந்தவன் எந்திரிச்சு நிக்கிறான் பாருங்க."

தூங்குகிற மனிதரை வைத்துக்கொண்டு விலை பேச வியாபாரிக்குக் கூச்சமாக இருந்தது போலிருக்கிறது. ஆசாரியும் சாக்கட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கால்மணி நேரம் கழித்துப் படுத்திருந்தவர் எழுந்தார். துண்டை உதறினார்.

"எலி இல்ல. தரை சில்லுங்குது, ஆனா ஈரம் ஏறல. இது அரிசிக்கு ஆகும் ஆத்தா," என்றார் மாமியாரிடம். பிறகு வியாபாரியிடம் திரும்பினார். "நீங்க தூணைப் பிடுங்கிட்டுப் போனா இவங்களுக்கு ஒருக்காதான் காசு. அரிசி மூட்டைய அடுக்குனா மாசாமாசம். ரேசன் அரிசி வைக்க இடமில்லாம ஆபீசுல அலையுறானுக. நீங்க போயிட்டு ஒரு அஞ்சாறு வருசம் கழிச்சு வாங்களேன். தூணு எங்க போகப்போவுது?"

வியாபாரி சிரித்துவிட்டார். மாமியாரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஊர் பேர் தெரியாதவர் கூடத்தில் படுத்துத் தூங்கி எழுந்து சொன்ன ஒரு வார்த்தையில் வந்த விலை போகிறதே என்றுதான் எனக்கு இருந்தது. ஆனால் மறுவாரமே முன்கட்டில் அரிசி மூட்டைகள் ஏறின.

அவர் சமஸ்தானத்து மராமத்து இலாகாவில் பியூனாக இருந்தவர். ஓவர்சீயர் வீடுகளை அளக்கப் போகும்போது டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர் வேலை. "பிடிச்சதோட சரி தங்கச்சி. நம்பர் என்ன போட்டிருந்துச்சுன்னு ஒருநாளும் குனிஞ்சு பாத்ததில்ல," என்பார். ஊரிலிருந்த பெரிய வீடுகளுக்குள் எல்லாம் அப்படித்தான் போய் வந்திருக்கிறார். இலாகா திருச்சிக்குப் போனபோது அவரை வேண்டாம் என்றுவிட்டார்கள். காக்கிக் கோட்டை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை. அதிலிருந்து வீடுகளுக்குத் தரகு பார்க்க ஆரம்பித்தார். ஆவூர்ப் பக்கத்து வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். கோட்டுப் பையில் ஜெபமாலை இருக்கும். கை தட்டுவதற்கு முன்னால் அதை ஒருதரம் தொட்டுக்கொள்வார்.

அளவெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. தட்டிப் பார்ப்பதும் படுத்துப் பார்ப்பதும்தான். சத்தம் திரும்பி வந்தால் கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் ஆகும், பள்ளிக்கூடத்துக்கு ஆகாது. சத்தம் அமுங்கினால் ஆபீசு. படுத்ததும் தூக்கம் வந்தால் ஆஸ்பத்திரி அல்லது ஹாஸ்டல். தூக்கம் வராத வீட்டுக்குக் கோர்ட்டும் வட்டிக்கடையும் என்பார். இதில் பாதிக்குப் பாதி தப்பாகத்தான் போகும். எங்கள் வீட்டில் எலி இல்லை என்றாரே, அரிசி வந்த இரண்டாம் வாரம் எலி வந்துவிட்டது. எலிக்குப் பின்னால் பாம்பு வருமே என்று நான் ராத்திரியில் காலைக் கீழே வைக்கப் பயந்தேன். அவரிடம் சொன்னேன்.

"நான் தூங்கினன்னைக்கு இல்ல தங்கச்சி. அதுக்கு மேல நான் ஜாமீனா?"

"மூட்டை பாரத்துல தரை எறங்குது அண்ணே. தூணுகிட்ட ரெண்டு கல்லு பேந்துபோச்சு."

"எறங்கட்டும். ஒரு விரக்கடை எறங்கி நின்னுரும். ஒங்களையுந்தான் பாக்குறேன், எதச் சொன்னாலும் ஒரு விரக்கடை எறங்கிட்டு அப்புறம் நிக்கிறீங்க."

அவரோடு தெருவில் நடந்தால் ஒரு வீட்டையும் அதன் பெயரில் சொல்லமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது அவரும் அந்த வழியாகத்தான் வந்தார். குடையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டே நடந்தார்.

"இது பாங்கி. இது சைக்கிள் கடை, மேல டைப்ரைட்டிங். அந்தா தெரியுது பாருங்க பச்சைக் கேட்டு, அது டவுன் பஸ்காரன் ஆபீசு."

நான் பார்த்தேன். பச்சைக் கேட்டுக்குள் ஒரு அம்மாள் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பாங்கி என்ற வீட்டின் மாடியில் சேலை தொங்கியது.

"அங்கெல்லாம் ஆளு இருக்காங்களே அண்ணே."

"இருக்காங்க. அவங்களுக்கு இன்னும் தெரியாது."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மழை வரப்போகிறது என்று சொல்பவர் முகம் போல இருந்தது. ஆனால் எங்கள் வீட்டைப் பற்றி அடுத்ததாக என்ன வைத்திருக்கிறார் என்று கேட்க வாய் வரவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். குங்குமத்தை எங்கோ தவறவிட்டுவிட்டேன்.

சித்தன்னவாசலுக்கு அவர் ஒருதரம் தன் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மலைக்குகையில் சமண முனிவர்களுக்குக் கல்லிலேயே படுக்கை வெட்டியிருக்கிறார்களே, அதில் இவர் படுத்துப் பார்த்தாராம். திரும்பி வந்து எங்களிடம், "நல்ல காத்து. தலைமாடு வேற தூக்கி வச்சுருக்கான். பத்துப் பதினைஞ்சு பேருக்குத் தாராளமா ஆகும், தண்ணிதான் தூரம்," என்றார்.

"சாமியாருக இருந்த எடத்த வாடகைக்கு விடப் பாத்தியாக்கும்," என்றார் மாமியார்.

"அவங்க காலி பண்ணி ஆயிரம் வருசத்துக்கு மேல ஆச்சாமே ஆத்தா. அதுக்கப்புறம் ஒருத்தனும் கேட்டு வரலியே, அதான் சங்கடமா இருக்கு."

அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தபோது முன்கட்டு காலியானது. காலியான அன்றைக்கே அவர் வந்துவிட்டார். இரண்டு நாள் விட்டிருந்தால் மர வியாபாரி காரைக்குடியார் வந்திருப்பார். பினாங்குக் கடிதத்திலும் தூணை விற்கும் பேச்சுத்தான் இருந்தது. இந்த முறை ஆலங்குடிப் பக்கத்துப் பையன்கள் தங்கிப் படிக்கும் ஹாஸ்டல். பெட்டியும் பாயுமாக முப்பது பேர். தூணில் கயிறு கட்டித் துணி காயப்போட்டார்கள். தூணில் பெயரைச் செதுக்கினார்கள். எனக்குத் தூண் கவலையை விடக் கிணற்றுக் கவலைதான் பெரிதாக இருந்தது. முப்பது பையன்கள், ஒரு கிணறு. அவர் ஒருநாள் பழைய கதவு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கிணற்றின் மேல் போட்டுவிட்டுப் போனார். யார் வீட்டுக் கதவு என்று கேட்டதற்கு, "சைக்கிள் கடைக் கதவு," என்றார். அந்த வீடு அதற்குள் சைக்கிள் கடை ஆகியிருந்தது.

பையன்களுக்குச் சர்க்கார் சொந்தக் கட்டடம் கட்டிக் கொடுத்ததும், ஒரு லேடி டாக்டர் வந்தார். பிரசவ ஆஸ்பத்திரிக்கு இடம் தேடினார். முன்கட்டு முழுவதும் வேண்டும் என்றார். கேட்ட வாடகைக்கு ஒத்துக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் மாமியார் முடியாது என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்ன காரணம் தீட்டு. முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவில், முற்றத்தை ஒட்டி இருப்பது பூஜை அறை. வீட்டில் ஒரு பிரசவம் என்றால் தீட்டுக் கழியும் வரை அங்கே விளக்கேற்றக் கூடாது என்பது அவர் கட்டுப்பாடு. "ஒரு பிள்ளை பெறந்தா தள்ளி வச்சுக்கலாம். இங்க தெனம் ஒண்ணு பெறக்கும். ஒண்ணோட தீட்டுக் கழியறதுக்குள்ள அடுத்தது. இந்த ஜென்மத்துல நான் விளக்கேத்த முடியுமா?" என்றார். அக்கம்பக்கத்தில் கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். காரைக்குடியார் வந்து போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஆத்தா, தீட்டு வீட்டுக்காரங்களுக்கா, இல்ல ஊருக்கேவா?"

"வீட்டுக்காரங்களுக்குத்தான்."

"முன்கட்டுக்கு வாடகை வாங்கிட்டா அது யாரு வீடு? அந்த டாக்டரம்மா வீடு. மாசம் முடியிற வரைக்கும் ஒங்களுக்கு அதுல பாத்தியதை கெடையாது. நீங்க நெனச்சாலும் உள்ள போயி படுக்க முடியுமா? முடியாது. அப்ப அங்க பெறக்குற பிள்ளையோட தீட்டு மட்டும் எப்புடி ஒங்களுக்கு வரும்?"

மாமியார், "வேதக்காரனுக்குத் தீட்டப் பத்தி என்னடா தெரியும்?" என்றார்.

"தீட்டப் பத்தித் தெரியாது ஆத்தா. வாடகையப் பத்தித் தெரியும்."

"வாடகை வராட்டி?"

"வராட்டி ஒங்க வீடு. தீட்டும் ஒங்களதுதான்."

மாமியார் ஒத்துக்கொண்டார். அவர் ஏதோ வாய்ச் சாதுரியத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமியார் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார். மாதம் பிறந்ததும் குளித்துவிட்டு வந்து, "வாடகை வந்துச்சா?" என்பார். வந்தது என்றால் விளக்கு எரியும். வரவில்லை என்றால் பூஜை அறைக் கதவைச் சாத்திவிடுவார். ஒரு ஐப்பசியில் கம்பவுண்டர் ஊருக்குப் போயிருந்ததால் வாடகை தள்ளிப்போயிற்று. தீபாவளி நெருங்குகிறது, சாமி அறை பூட்டியிருக்கிறது. நான் அவரைத் தேடிக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, "டாக்டரம்மா, நீங்க ரெண்டு நாளா எங்க சாமிய வெளிய விடாம வச்சிருக்கீங்க," என்றாராம். டாக்டரம்மா விஷயம் புரியாமல் முழித்து, புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு, தன் கைப்பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு மாதம் பிறந்தால் முதல் வேலையாக வாடகை வந்துவிடும்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டம் வந்தது. முன்கட்டில் பிள்ளைகள் அழுவதும் பின்கட்டில் மாமியார் தேவாரம் சொல்வதுமாக வீடு இருந்தது. எனக்குக்கூடக் கொஞ்சம் பயம் குறைந்திருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் மாமியார் படுக்கையில் விழுந்தார். கிழக்குப் பார்த்த பெரிய அறை மாமியாருடையது. அவர் வந்தார், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டுதான் வந்தார். மாமியாரின் கால்மாட்டில் நின்று எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். கண்கள் மட்டும் சன்னலுக்கும் மச்சுக்கும் போயின. பிறகு கை கோட்டுப் பைக்குப் போய் வந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவர் கையைத் தட்டினார். மெதுவாகத்தான், ஒரே ஒருதரம்.

மாமியார் கண்ணைத் திறந்தார்.

"நான் இன்னும் காலி பண்ணலடா," என்றார்.

"தெரியும் ஆத்தா. பழக்கதோசம்."

"என்னத்துக்கு ஆகும்? சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ஆப்பரேசன் பண்றதுக்கு," என்றார். "வெளிச்சம் நேரா விழுகுது. கேசு சிக்கலானா டாக்டரம்மா இப்ப திருச்சிக்கு அனுப்புறாங்க. போற வழியிலயே செலது போயிருது."

அவர் போன பிறகு நான் அழுதேன். ஆரஞ்சுப் பழத்தைத் தூக்கிப் போட எழுந்தேன். மாமியார் வேண்டாம் என்றார். இரண்டு பழம் உரிக்கச் சொல்லிச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் தன்னைச் சமையலறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றச் சொன்னார். அங்கே வெளிச்சம் வராதே என்றேன். "எனக்கு இனிமே எதப் பாக்கணும்?" என்றார். அந்த அறையில்தான் உயிர் போயிற்று. கிழக்கு அறையில் அதற்குள் வெள்ளை அடித்திருந்தார்கள்.

மாமியாருக்குப் பிறகு பின்கட்டில் நான் ஒருத்திதான். என் கணவர் காரியத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனார். போகும்போது, அடுத்த வருஷம் தூணை விற்றுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். அடுத்த வருஷமும் அதையே எழுதினார். இதற்கிடையில் டாக்டரம்மா ஆஸ்பத்திரியைப் பெரிதாக்கப் போவதாகவும், இங்கே இடம் போதாததால் திருவப்பூர்ப் பக்கம் மனை பார்ப்பதாகவும் நர்சுகள் பேசிக்கொண்டார்கள். அவர்கள் போனால் வீடு சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் வீட்டைக் காரைக்குடியார் விடமாட்டார். அவருக்கு வயதாகிவிட்டாலும் மகன் வந்து தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போயிருந்தான். நான் ராத்திரியெல்லாம் தாழ்ப்பாளைப் போய்ப் போய்ப் பார்த்தேன்.

காக்கிக் கோட்டுக்காரருக்கு அப்போது கால் வீங்கியிருந்தது. குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"டாக்டரம்மா போகவேண்டியதில்ல தங்கச்சி. முழு வீடும் கெடச்சா இருபது வருசத்துக்கு எழுதிக் குடுக்குறேங்குது. தூணு மேல ஒருத்தன் கை வைக்க முடியாது."

"முழு வீடுமா? பின்கட்டுல நான் இருக்கேனே அண்ணே."

"அதான். நீங்க இருக்குறதாலதான் எடம் பத்தல."

எத்தனையோ வருஷமாக நான் பயந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். ஆனால் அவர் சொன்ன விதத்தில் அது ஒரு கணக்கு மாதிரிதான் கேட்டது. வீடு நிற்க வேண்டும் என்றால் நான் நிற்கக் கூடாது. கூரை போனால் எங்கே போவது என்று கேட்டுக்கொண்டிருந்தவள், கூரை இருக்கும்போதே போக வேண்டியிருந்தது. என்ன யோசித்தாலும் அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நான் எங்க போறது?" என்றேன்.

"பாத்துட்டேன். வாங்க."

கீழ இரண்டாம் வீதியில் ஒரு பங்களாவின் கோச்சு வண்டிக் கொட்டகை. குதிரை கட்டிய இடத்தில் சுவர் எழுப்பி இரண்டு அறை ஆக்கியிருந்தார்கள். கல்தொட்டியில் துளசி வைத்திருந்தார்கள். பங்களாக்கார அம்மாள் வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அவர் அந்த அம்மாளிடம் சொன்னார்: "நல்ல குடித்தனம். ஒரு ஆளுதான். சத்தமே இருக்காது. ராத்திரி நாலு தடவை எந்திரிச்சுத் தாழ்ப்பாளப் பாப்பாங்க, அது ஒங்களுக்கும் காவல்தான். அடுப்ப அணைச்சமா அணைச்சமான்னு திரும்பி வந்து பாப்பாங்க, தீ விபத்து வராது. வாடகைய மாசம் பொறக்குறதுக்கு முன்னாடியே கொண்டாந்து குடுத்துட்டு, குடுத்தமா இல்லையான்னு கேக்க இன்னொருக்கா வருவாங்க. அதுக்கு மட்டும் கோவிச்சுக்காதீங்க."

"நீரு படுத்துப் பாத்தீரா?" என்று அந்த அம்மாள் சிரித்தார். அவருக்கும் இவரைத் தெரிந்திருந்தது.

"பாத்தேன். ஒரு மணி நேரம் எந்திரிக்கவே முடியல."

மாதம் பதினெட்டு ரூபாய் வாடகைக்கு முடிந்தது. வெளியே வந்ததும் அவர் தெருவோரத்தில் நின்று கையை நீட்டினார். எனக்குப் புரியவில்லை. தரகு என்றார். மேல மூன்றாம் வீதி வீட்டுக்குத்தான் டாக்டரம்மா முன்கட்டுக்கு வந்தபோதே கொடுத்துவிட்டேனே என்றேன்.

"அது வீட்டுக்காரங்க குடுக்குறது. குடி போறவங்களும் அரை மாச வாடகை குடுக்கணும் தங்கச்சி. ஒங்களுக்கு இது புதுசு."

இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்று உண்டு என்றே எனக்குத் தெரியாது. கையில் ஐந்து ரூபாய் இருந்தது. கொடுத்தேன். மீதியை அடுத்த தடவை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, குடையை ஊன்றி ஊன்றி நடந்து போனார்.

கால் வீக்கம் அதிகமாகி ஆவூருக்கே போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஆவூர் நர்சுப் பெண் ஒருநாள், அவரைக் கோயில் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டதாகச் சொன்னாள். அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா, யாரிடம் கொடுத்தால் சேரும் என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். அவளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

குடி வந்த வகையில் நான் அவருக்குத் தர வேண்டியது நான்கு ரூபாய்.